ஸ்பானிஷ் மிஸ்

ஸ்பானிஷ் படிச்சனான் எண்டு சொன்னா ஊரில ஆளுக்கொரு கேள்வி வைச்சிருப்பாங்க. அது எந்த நாட்டுப் பாஷை, அங்க நம்மட ஆக்கள் இருக்கிறாங்களா, அதுக்குப் பள்ளிக்கூடத்தில வேல கிடைக்குமா. கடைசிக் கேள்விய அனேகமா என்ட அப்பாதான் கேப்பார், அதுவும் சோத்துக் கோப்பைக்கு முன்னால இருந்து கொண்டு. "அப்ப என்னத்துக்குப் படிச்ச?"

நான் ஆசப்பட்டுப் படிக்கல்ல, அதத்தான் ஒருத்தரும் நம்புறாங்க இல்ல. ஏ.எல். கலைப்பிரிவில எனக்கு வந்த இசட் ஸ்கோருக்கு வீட்டில இருந்தே பஸ்ஸில போய் வந்து படிச்சிருக்கலாம். ரியூசன் சேர்தான் தெற்கில இருக்கிற பெரிய கெம்பஸ விண்ணப்பத்தில முதலாவதாப் போடச் சொன்னார். மொழி படிச்சா வெளிநாடு எண்டார். அங்க போனா, நான் விரும்பின புவியியல் தமிழில இல்ல, பிரெஞ்சுக்கு இடம் நிரம்பிட்டு, மிச்சம் கிடந்தது ஸ்பானிஷ். பதினொரு பேர் இருந்த வகுப்பில நான் ஒருத்திதான் தமிழ். விளங்கப்படுத்துறதெல்லாம் சிங்களத்தில. ஸ்பானிஷச் சிங்களத்துக்குள்ளால படிச்சு, தமிழில யோசிச்சு, சோதினையில இங்கிலீசில விளக்கம் எழுதி, அப்பிடியும் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில பாஸ் பண்ணினன். அது லேசான வேல எண்டு ஆரும் சொன்னா எனக்குக் கோவம் வரும்.

எங்கட பெரிய லெக்சரர் முதல் நாள் போர்ட்டில இருவது நாட்டின்ட பேர எழுதிப் போட்டு, இவ்வளவு நாட்டிலயும் உங்களுக்கு வேல இருக்கு எண்டு சொன்னவர். தூதரகம், ஐ.நா., மொழிபெயர்ப்பு, சுற்றுலா எண்டு விரல மடக்கினார். நான் பாஸ் பண்ணி வந்து அந்த விரல் ஒவ்வொண்டையும் பிடிச்சுப் பாத்தன். தூதரகங்களுக்கு எழுதின கடிதத்துக்குப் பதில் இல்ல. பாசிக்குடாவில ஒரு ஹோட்டலுக்கு நேர்முகத்துக்குப் போனன். மனேஜர் நல்ல மனுசன், தேத்தண்ணி தந்து, ஸ்பெயின்காரர் வருசத்துக்குப் பத்துப் பேர்தான் வருவாங்க தங்கச்சி, அவங்களும் இங்கிலீஸ் கதைப்பாங்க, உங்களுக்கு ரஷ்யன் தெரியுமா எண்டு கேட்டார். ஆசிரியர் நியமன விண்ணப்பத்தில என்ட பாடத்துக்குப் பெட்டியே இல்ல. கல்விக் கந்தோரில இருந்த உத்தியோகத்தர் அம்மா அதத் தலைகீழாப் பிடிச்சும் பாத்திட்டு, இந்தப் பாடம் பள்ளிக்கூடத்தில இல்லையே பிள்ள எண்டு திருப்பித் தந்தா. கொழும்பில ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்து மூண்டாம் மாசம் நிப்பாட்டினாங்க, கம்பியூட்டரே மொழிபெயர்க்குதாம். ஊருக்கு வந்தா எங்கட ஒழுங்கையில தம்பிமார் போனைக் காட்டி, இதில ஒருக்கா அமத்தினாச் சரி, இதுக்கா அக்கா நாலு வருசம் எண்டு பகிடி பண்ணுவாங்க. நான் சிரிப்பன். உள்ளுக்க பத்தி எரியும்.

ஆனா பாருங்க, பட்டமளிப்பு முடிஞ்ச கையோட எங்கட விளையாட்டுக் கழகம் களுதாவளைச் சந்தியில பெரிய பதாகை ஒண்டு கட்டினது. எங்கட பக்கத்தில அது வழக்கம். ஒரு பிள்ள கெம்பஸ் போனாலும் பதாகை, முடிச்சு வந்தாலும் பதாகை. என்ட படம், கறுப்புத் தொப்பி, "எமது மண்ணின் முதலாவது ஸ்பானிய மொழிச் சிறப்புப் பட்டதாரி செல்வி நல்லரத்தினம் கம்சாயினி" எண்டு சிவப்பு எழுத்து. எட்டு மாசமா அது வெயிலிலயும் மழையிலயும் கிடந்து வெளிறிப் போச்சு. வேலயில்லாத நான் அதுக்குக் கீழால சைக்கிளில போய் மரக்கறி வாங்கிக் கொண்டு வருவன். கழட்டுங்கடா எண்டு கேக்கவும் வெக்கம்.

அந்தப் பதாகையப் பாத்துத்தான் ஏஜென்ட் வந்தார். ஊரெல்லாம் அவர அண்ணன் எண்டுதான் கூப்பிடுறது, நானும் அண்ணன் எண்டே சொல்லுறன். நல்ல வெள்ளைச் சேட்டு, நல்ல மரியாத. ஸ்பெயினில தோடம்பழத் தோட்டம், ஸ்ட்ரோபெரித் தோட்டம் எல்லாம் ஆளில்லாமக் கிடக்காம், வயல் வேல தெரிஞ்ச பொடியனுகள அனுப்பப் போறாராம், போறதுக்கு முதல் மூண்டு மாசம் மொழி படிப்பிக்க ஆள் வேணுமாம். அப்பா அண்டைக்குத்தான் முதல் தடவையா என்னப் பெருமையாப் பாத்தார். எங்கட வளவுக்குள்ள இருந்த கொட்டிலக் கூட்டி, எட்டுப் பிளாஸ்டிக் கதிரையும் ஒரு வெள்ளப் பலகையும் வாங்கிப் போட்டார்.

ஏழு பொடியனுகள் வந்தாங்க. அதில ஒருத்தன் பக்கத்து வளவு வதனி மாமிட மூத்த மகன் வினோஜன். வதனி மாமிக்கு ரெண்டு பொடியன், வினோஜனும் மதுஷனும். மாமா சுனாமியில போன புறகு மிளகாய்த் தோட்டத்தில வேல செஞ்சே ரெண்டு பேரையும் வளத்தவ. வினோஜன் ஓ.எல்.லோட நிப்பாட்டினவன், என்னைவிட மூண்டு வயசு இளமை, எனக்கு மச்சான் முறை. வகுப்பில மட்டும் "மிஸ்" எண்டு கூப்பிட்டுப் பல்லக் காட்டுவான். சத்தியமாச் சொல்லுறன், அந்த ஏழு பேருக்குள்ளயும் அவனுக்குத்தான் நாக்கு வளைஞ்சது. நான் ரெண்டு வருசம் கஷ்டப்பட்டுப் படிச்ச உச்சரிப்ப ரெண்டு மாசத்தில பிடிச்சிட்டான். தோட்டத்துக்குத் தண்ணி கட்டிக் கொண்டே ஸ்பானிஷில எண்ணுவான், மாமி வேலிக்கு அங்கால நிண்டு சிரிப்பா. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் படிச்சது ஒருத்தன்ட வாயில இருந்து வருது, அதுக்கு ஆசப்பட்டுத்தானே நாங்க படிக்கிற.

மூண்டாவது கிழமை அண்ணன் போனுக்கு ஒரு பட்டியல் அனுப்பினார், இந்த வசனங்களக் கட்டாயம் பாடமாக்க விடுங்க எண்டு. வாசிச்சன். எங்களுக்குத் தண்ணி வேணும். எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம். பொலிசுக்குச் சொல்லாதீங்க. என்னட்ட இருந்ததெல்லாம் எடுத்துட்டாங்க. எனக்குக் காய்ச்சல். என்னை விட்டுட்டுப் போகாதீங்க.

தோடம்பழம் பறிக்கிறவனுக்கு இதெல்லாம் என்னத்துக்கு? நான் ஒண்டும் பச்சப்பிள்ள இல்ல. இருவது நாட்டின்ட பேரப் போர்ட்டில பாத்தவள். பிரேசிலில இறக்கி, அங்கயிருந்து காட்டாலயும் ஆத்தாலயும் மெக்சிக்கோ, மெக்சிக்கோவால அமெரிக்கா. பேப்பரில வந்த கதைதான். அண்ணனுக்கு எடுத்துக் கேட்டன். நீங்க மொழியப் படிப்பிங்க தங்கச்சி, பயணத்த நான் பாக்கிறன் எண்டு சொல்லி வைச்சிட்டார். அடுத்த நாள் வகுப்பு முடிய வினோஜன மறிச்சுக் கேட்டன். அவன் என்னைப் பாத்த பார்வையில நான்தான் மொக்கு. எல்லாருக்கும் தெரியும் மச்சாள், அம்மாக்கு மட்டும்தான் தெரியா, சொல்லிராதீங்க எண்டான். இஞ்ச இருந்து என்ன கிழிக்கிற எண்டு கேட்டான். பட்டம் வைச்சிருக்கிற நானே கொட்டிலுக்குள்ளதான் நிக்கிறன்.

அண்டைக்கே நான் வகுப்ப நிப்பாட்டியிருக்கோணும். நிப்பாட்டல்ல.

அதுக்கு அடுத்த ஞாயிறு வதனி மாமி தோட்டத்தில இருந்து நேரா வந்தா. கையக் கூடக் கழுவல்ல. வாவிக்கு அங்கால, படுவான்கரையில, அவட தாய் சீதனமாக் குடுத்த ரெண்டு ஏக்கர் வயல் இருந்தது, பயணத்துக்கு அத விக்கோணும். காணி உறுதிய நொத்தாரிசு எழுதி முடிச்சிட்டார், மாமி இன்னும் கையெழுத்து வைக்கல்ல. என்ட கைய ரெண்டு கையாலயும் பிடிச்சா.

"ஏஜென்டுமார நான் நம்புறல்ல மனே. அவனுகள் சந்தியில ஒண்டு சொல்லுவானுகள், வீட்டில ஒண்டு சொல்லுவானுகள். நீ கெம்பஸ் படிச்ச பிள்ள. நீயே படிப்பிக்கிற எண்டபடியாத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தன். நீ சொல்லு. ஸ்பெயின்தானே? நீ ஓம் எண்டாச் சரி."

வேலிக்கு அங்கால வினோஜன் தண்ணி மோட்டர நிப்பாட்டிப் போட்டு நிண்டு பாத்துக் கொண்டிருந்தான். எங்கட அப்பா வெத்திலத் தோட்டத்துக்குள்ள இருந்து எட்டிப் பாத்தார். நான் இல்ல எண்டு சொன்னா என்ன நடக்கும்? வினோஜன் என்ட முகத்தில முழிக்க மாட்டான். கொட்டில் மூடும். மறுகாலும் நான் சந்திப் பதாகைக்குக் கீழால சைக்கிளில போகோணும். இதெல்லாம் அந்த ஒரு நிமிசத்துக்குள்ள எனக்குள்ள ஓடினது, நான் மறைக்கல்ல.

"ஓம் மாமி" எண்டன்.

அவ்வளவுதான். ஊரில மற்ற ஆறு வீட்டிலயும் இதுதான் நடந்திருக்கு எண்டு புறகுதான் விளங்கிச்சு. அண்ணன் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல சொன்னது, நல்லரத்தினத்தாரிட மகள்தான் படிப்பிக்கிறா எண்டு. என்ட நாலு வருசப் படிப்புக்கு இந்த நாட்டில ஒருத்தரும் குடுக்காத பெறுமதிய அவர்தான் குடுத்தார். சனம் அவர நம்பல்ல, என்னை நம்பினது.

ஆவணித் திருவிழாவுக்கு முதல் போனாங்க. முதல் மாசம் வினோஜனிட்ட இருந்து குரல் செய்தி வந்து கொண்டே இருந்தது. பஸ்ஸுக்குள்ள இருந்து, கடைக்குள்ள இருந்து, பின்னால பாட்டுச் சத்தத்தோட. மிஸ், நான் கேட்டதுக்குச் சாப்பாடு தந்திட்டாங்க, நான் சொன்னது விளங்கிச்சு எண்டு ஸ்பானிஷிலயே சொல்லிச் சிரிப்பான். புறகு காட்டுக்குள்ள இறங்கின கையோட ஒரு கிழமை சத்தமில்ல. புறகு மெக்சிக்கோ வந்திட்டன், மற்ற ஆறு பேரையும் வேற ஆக்களோட பிரிச்சு அனுப்பிட்டாங்க எண்டு ஒண்டு. அதுக்குப் புறகு பன்னிரண்டு நாள் ஒண்டுமில்ல.

பதின்மூண்டாம் நாள் காலம்பற நான் பல்லு மினுக்கிக் கொண்டு நிக்கிறன், வதனி மாமி போனைக் கையில பிடிச்சுக் கொண்டு வாறா. பின்னால மதுஷன். தெரியாத நம்பரில இருந்து மூண்டு குரல் செய்தி வந்திருந்தது, பொம்பளக் குரல். மதுஷன் அத போனிலயே மொழிபெயர்த்துப் பாத்திருக்கிறான். அவன்ட முகத்தப் பாத்தவுடன எனக்குத் தெரிஞ்சு போச்சு. மாமி நம்பல்ல. போன் சொல்லுறத நான் நம்பமாட்டன், நீ கேட்டுச் சொல்லு எண்டு நீட்டினா.

மாமிய இருக்கச் சொல்லிப் போட்டுக் கேட்டன். அவ ஒரு நர்ஸ். மெக்சிக்கோவின்ட தெற்கில ஏதோ ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. ஆக்கள அடைச்சு ஏத்திக் கொண்டு போன லொறி ஒண்டு பிரண்டு கிடந்ததாம். அதுக்குள்ள இருந்து எடுத்த வினோஜன் ரெண்டு நாள் வார்ட்டில இருந்தவனாம். இந்த நம்பர அவனே சொல்லி எழுதுவிச்சவனாம். இறந்திட்டார் எண்டதுக்கு அந்தப் பாஷையில மரியாதையான சொல் ஒண்டு இருக்கு, அந்த நர்ஸ் அதத்தான் பாவிச்சா. நான் அந்தச் சொல்ல முதல்ல படிச்சது இரண்டாம் வருசம், இலக்கியப் பாடத்தில. சோதினையில வந்து புள்ளியும் எடுத்திருக்கிறன்.

எப்பிடிச் சொன்னன் எண்டு எனக்கு ஞாபகமில்ல. மாமி கத்தல்ல. கதிரையில இருந்த மாதிரியே இருந்தா. மதுஷன் வேலியப் பிடிச்சுக் கொண்டு குந்திட்டான். மாமி போனைக் காட்டி, அந்த நர்ஸுக்கு எடு, நான் ஒண்டு கேக்கோணும் எண்டா.

எடுத்தன். அங்க இரவு எட்டு மணி, நர்ஸ் வேல முடிச்சு வீட்டுக்குப் போற பஸ்ஸுக்குள்ள இருந்தா. மாமி என்னைப் பாக்காம போனைப் பாத்தே கேட்டா, அவன் கதைச்சவனா எண்டு. நான் அத ஸ்பானிஷில மாத்திக் கேட்டன். ஓம், கடைசி வரைக்கும் கதைச்சவன் எண்டா அவ. தண்ணி கேட்டான், எங்க நோகுது எண்டு சொன்னான், பக்கத்துக் கட்டிலில இருந்த ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது, அவங்களுக்காகவும் எங்களோட கதைச்சது அவன்தான். என்னை விட்டுட்டுப் போகாதீங்க எண்டு சொன்னான், நான் என்ட வேல நேரம் முடிஞ்சும் போகல்ல. அவன் சொன்னது எல்லாம் எங்களுக்கு விளங்கிச்சு, தாய்க்குச் சொல்லுங்க. ஆனா எங்களால ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு.

அந்த வசனம் பட்டியலில கடைசி வசனம். நான்தான் பலகையில எழுதி, நான்தான் பத்துத் தரம் சொல்லுவிச்சனான். அவன் பகிடியாக் கைய நீட்டி நடிச்சுச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைச்சவன். மாமிக்கு அத அப்பிடியே தமிழில மாத்தினன். ஒரு சொல்லும் விடாமச் சொன்னன், விட எனக்கு உரிமை இல்ல.

மாமி தலைய ஆட்டினா. "நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறாய் மனே" எண்டா.

அவ அத நக்கலாச் சொல்லல்ல. அவ அப்பிடி நக்கலாச் சொல்லியிருந்தா, என்னை ரெண்டு அடி அடிச்சிருந்தா, நான் இண்டைக்குக் கொஞ்சம் நித்திரையாவது கொள்ளுவன்.

அண்ணன்ட போன் அடுத்த நாளே வேலை செய்யல்ல. உடம்பக் கொண்டு வர ஏலாமப் போச்சு, அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க. அதுக்கான கடதாசி எல்லாம் ஸ்பானிஷில வந்தது. அஞ்சு நாள் இருந்து ஒவ்வொண்டையும் தமிழிலயும் இங்கிலீசிலயும் மாத்தி எழுதினன். நான் கெம்பஸில எழுதின எதையும் அவ்வளவு கவனமா எழுதல்ல. கொண்டு போனா கந்தோரில வாசிச்சுப் பாத்திட்டு, நல்லா இருக்கு தங்கச்சி, ஆனா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட சீல் வேணும் எண்டாங்க. கொழும்புக்கு அனுப்பினம். சீலோட வந்த கடதாசியில அவன்ட ஊர்ப் பேர் பிழை. அத திருத்துறதுக்கு மறுகாலும் அலையிறம்.

படத்த வைச்சு முப்பத்தொண்டாம் நாள் கிரியை செய்தாங்க. அதுக்கு அடுத்த வெள்ளி, கொட்டிலுக்குள்ள கதிரையெல்லாம் அடுக்கிக் கொண்டிருந்தன், ஆருக்காவது வித்துப் போடுவம் எண்டு. வேலிக் கடப்படி வாசலில வதனி மாமி. பக்கத்தில மதுஷன், தல சீவி, சேட்டுப் போட்டு.

இவனும் போகப் போறானாம் எண்டா மாமி. வேற ஒரு ஏஜென்டாம், வாழைச்சேனைப் பக்கமாம். காலப் பிடிச்சுக் கேட்டும் நிக்கிறான் இல்லையாம். வயலும் இல்ல, நான் என்னத்தக் காட்டி இவன மறிக்கிற எண்டு கேட்டா. மதுஷன் நிலத்தப் பாத்துக் கொண்டு நிண்டான்.

அப்பதான் நான் எல்லாத்தையும் சொன்னன். அழுது கொண்டே சொன்னன். ஸ்பெயின் இல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், அந்தப் பட்டியல் வந்த நாளே தெரியும், தெரிஞ்சுதான் உங்களுக்கு ஓம் எண்டு சொன்னனான் மாமி, நான்தான் அவனக் கொண்டது. இவனுக்கு நான் படிப்பிக்க மாட்டன், இவனப் போக விடாதீங்க.

மாமி கிட்ட வந்தா. என்ட கையில இருந்த கதிரைய வாங்கிக் கீழ வைச்சா.

"தெரியும் மனே. காட்டுக்குள்ள போறதுக்கு முதல் நாள் அவனே சொன்னவன். நீ சொல்லாட்டியும் அவன் போயிருப்பான். இவனும் போவான். அவனுக்கு வாய் இருந்தபடியாத் தண்ணியாவது குடிச்சிட்டுப் போனான். பக்கத்துக் கட்டிலில கிடந்ததுகளுக்கு அதுவும் இல்ல. இவன வாய் இல்லாம அனுப்ப என்னால ஏலா."

நான் மதுஷனப் பாத்தன். அவன் ஏற்கனவே ஒரு கொப்பி வாங்கிக் கொண்டு வந்திருந்தான். போகாத எண்டு அவனுக்குச் சொல்லுறதுக்கு என்னட்ட ஒரு காரணமும் இருக்கல்ல, இந்த ஊரில இருந்து என்ன செய்யலாம் எண்டு எனக்கே தெரியா.

திங்கக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வரச் சொன்னன்.